அடிவயிற்று வலியிலிருந்து எண்டோமெட்ரியோசிஸ் அறிக்கை வரை: சென்னையில் முதன்முறையாக அலைபவர்களுக்கு

எனக்கு வலி தொடங்கியது 19 வயதில். அதற்கு ஒரு பெயர் கிடைத்தபோது வயது 28. இடைப்பட்ட காலத்தில் நான்கு மகளிர் மருத்துவர்களையும் ஒரு குடல்நோய் மருத்துவரையும் ஒரு சிறுநீரக மருத்துவரையும் பார்த்தேன். ஆறு முறை ஸ்கேன் எடுத்தேன். ஐந்து 'நார்மல்' என்று வந்தன. ஆறாவதில்தான் இடது சினைப்பையில் சாக்லேட் கட்டி (பழைய இரத்தம் தேங்கிய நீர்க்கட்டி) இருப்பதும், கர்ப்பப்பையின் பின்புறம் குடலோடு ஒட்டிக்கொண்டிருப்பதும் தெரிந்தன. ஆறாவது ஸ்கேனை எடுத்தவர் எதைத் தேட வேண்டும் என்று அறிந்தவர். நானும் அந்த முறைதான் கையில் எழுதிய தாளோடு போயிருந்தேன்.

நான் மருத்துவர் இல்லை. தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவள். எங்கள் தொழிலில் ரசீது இல்லாத செலவை யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. வலிக்கும் அதே விதிதான் என்பது எனக்கு மிகத் தாமதமாகப் புரிந்தது. எனவே எந்தத் தாளை எப்போது வாங்குவது, எவ்வளவு செலவாகும், எங்கே ஏமாறுவோம் என்பவற்றையே இங்கே எழுதுகிறேன். செலவுத் தொகைகள் நான் கொடுத்தவையும் விசாரித்தவையும். உங்களுக்குக் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

நோயைப் பற்றி இரண்டே வரி. கர்ப்பப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு, கர்ப்பப்பைக்கு வெளியே, அதாவது சினைப்பையிலோ கர்ப்பப்பையின் பின்புறத்திலோ குடலிலோ சிறுநீர்ப்பையிலோ வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

1. வலிக்கு ஒரு கணக்கு நோட்டு போடுங்கள்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். பால் வராத நாள்களை அம்மா அதில் நீல மையில் சுழித்து வைப்பார். அதே காலண்டரில் நான் சிவப்பு மையில் வலி வந்த நாள்களைச் சுழிக்கத் தொடங்கினேன். மூன்று மாதம் முடிந்ததும் பார்த்தால் நீலம் மாதத்துக்கு இரண்டு, சிவப்பு பதினொன்று. "மாதவிலக்கு நேரத்தில் மட்டும்தான் வலிக்கிறது" என்று அதுவரை எல்லா மருத்துவரிடமும் நானே சொல்லிவந்தேன். அது தவறு என்பதைக் காலண்டர்தான் காட்டியது: மாதவிலக்குக்கு நான்கு நாள் முன்பிருந்தே வலி தொடங்கியது, நடுச்சுழற்சியிலும் இரண்டு நாள் இருந்தது.

நீங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி, மாதவிலக்கின் எத்தனையாவது நாள், 0 முதல் 10 வரை வலியின் அளவு, வலித்த இடம், போட்ட மாத்திரை, நின்றுபோன வேலை ஆகியவற்றை எழுதுங்கள். அந்தக் கடைசி விவரம் மிக முக்கியம். "ரொம்ப வலி" என்ற சொல்லை மருத்துவர்கள் நாள் முழுவதும் கேட்கிறார்கள். "அடுப்படியில் நின்று இரண்டு தோசை சுட முடியவில்லை", "ஷேர் ஆட்டோ வேகத்தடையில் ஏறி இறங்கியபோது கத்திவிட்டேன்", "இந்த மாதம் மூன்று நாள் விடுப்பு" என்பவற்றை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிடும் மூன்று விவரங்கள் உண்டு: மாதவிலக்கு நாள்களில் மலம் கழிக்கும்போது குத்துவது, சிறுநீர் கழிக்கும்போது எரிவது அல்லது இழுப்பது, உடலுறவின்போது ஆழத்தில் வலிப்பது. இந்த மூன்றும் சந்தேகத்தை எண்டோமெட்ரியோசிஸ் பக்கம் திருப்புபவை. வாயால் சொல்ல வரவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

குறைந்தது இரண்டு சுழற்சிகளுக்கு எழுதிய பிறகு போனால் நல்லது. ஆனால் நோட்டு நிறையட்டும் என்று மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

2. இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது

திடீரென ஒரு பக்கமாகத் தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால், காய்ச்சலோடு அடிவயிறு வலித்தால், மயக்கம் வந்தால், மாதவிலக்கு தள்ளிப்போய் வலியும் இரத்தப்போக்கும் இருந்தால், அது நோட்டில் எழுதும் வலி அன்று. சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், கட்டி உடைந்திருக்கலாம், கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். 108க்கு அழையுங்கள்.

3. எங்கே போவது

அரசு மருத்துவமனை என்றால் சென்னையில் மகளிர் நோய்களுக்கென்றே பெயர்பெற்றவை மூன்று: எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள மகப்பேறு மருத்துவமனை, திருவல்லிக்கேணியில் இன்னமும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே ஆட்டோக்காரர்கள் அறிந்திருக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை. புறநோயாளிகள் பிரிவு காலையில்தான். எட்டு மணிக்கு முன்பே வரிசையில் நிற்பது நல்லது. அங்கே கர்ப்பிணிகளுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடம் இருக்கும். சீட்டு போடும் இடத்திலேயே "கர்ப்பம் இல்லை, நாள்பட்ட அடிவயிற்று வலி" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாததால் முதல் நாள் இரண்டு மணி நேரம் தவறான வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவருக்கும் சாதாரண ஸ்கேனுக்கும் மருந்துக்கும் அங்கே பணம் இல்லை. விலையாகக் கொடுப்பது நேரம்: ஸ்கேனுக்குத் தேதி, முடிவைக் காட்ட இன்னொரு தேதி, ஒவ்வொரு முறையும் வேறொரு மருத்துவர். எனவே ஒவ்வொரு வருகையிலும் நோயாளிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வெளியே வந்ததும் படித்துப் பாருங்கள். அடுத்த மருத்துவர் உங்களை அறிவது அந்தச் சீட்டின் மூலம்தான்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, உங்கள் நிறுவனம் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்தால், அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உங்களுக்கானவை. முதலில் உங்கள் பெயர் பதிவாகியுள்ள இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போனால் திருப்பி அனுப்பப்பட வாய்ப்புண்டு.

தனியாரில் ஆலோசனைக் கட்டணம் 600 முதல் 1,000 ரூபாய். இங்கே ஒரு பொறி இருக்கிறது. தெருவுக்குத் தெரு இருக்கும் மகப்பேறு கிளினிக்குகளில் பிரசவமும் குழந்தைப்பேற்றுச் சிகிச்சையுமே முதன்மை. லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியாகச் செய்யும் அறுவைசிகிச்சை) செய்பவர்கள் எல்லோரும் குடலோடு ஒட்டிய எண்டோமெட்ரியோசிஸைப் பிரித்து எடுத்தவர்கள் இல்லை. முன்பதிவு செய்யும்போதே தொலைபேசியில் இரண்டு கேள்வி கேட்கலாம்: "டாக்டர் எண்டோமெட்ரியோசிஸ் அறுவைசிகிச்சை வழக்கமாகச் செய்பவரா? தேவைப்பட்டால் குடல் அறுவைசிகிச்சை நிபுணர் அதே மருத்துவமனையில் இருக்கிறாரா?" பதில் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள்.

4. மருத்துவர் முன்னால் பத்து நிமிடம்

நோட்டு முழுவதையும் நீட்டாதீர்கள். ஒரே பக்கத்தில் சுருக்கம் எழுதிக்கொண்டு போங்கள். வலி தொடங்கிய வயது, மாதத்தில் வலிக்கும் நாள்கள், மேலே சொன்ன மூன்று கூச்ச விவரங்கள், இதுவரை போட்ட மாத்திரைகளும் அவை கேட்டதா இல்லையா என்பதும், அம்மா, அக்கா, சித்தி யாருக்காவது இதே வலி இருந்ததா என்பதும் போதும். என் சித்திக்கு 35 வயதில் கர்ப்பப்பை எடுத்தது எதற்கென்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. கேட்டபோது அவர் தன் பீரோவிலிருந்து பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

அம்மாவோடு போனால் அம்மாதான் பேசுவார். அதில் தவறில்லை, ஆனால் உடலுறவு பற்றிய கேள்விக்கு அவர் முன்னால் நீங்கள் உண்மையைச் சொல்ல மாட்டீர்கள். "ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் டாக்டர்" என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் தாமாகவே அம்மாவை வெளியே அனுப்பிவிடுவார்.

"கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்", "ஒரு குழந்தை பெற்றுக்கொண்டால் வலி போய்விடும்" என்று இரண்டு இடங்களில் எனக்குச் சொல்லப்பட்டது. கர்ப்ப காலத்தில் மாதவிலக்கு நிற்பதால் சிலருக்கு வலி தணியலாம். ஆனால் கர்ப்பம் இந்த நோய்க்குச் சிகிச்சை ஆகாது, அதற்காகவே கர்ப்பம் தரிக்கச் சொல்லக் கூடாது என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலே சொல்கிறது. இந்தப் பதில் வந்தால் வாதாட வேண்டாம். "இது எண்டோமெட்ரியோசிஸாக இருக்குமா? இல்லை என்றால் எதனால் இல்லை என்கிறீர்கள்? அதைச் சீட்டில் எழுதித் தர முடியுமா?" என்று பணிவாகக் கேளுங்கள். எழுதச் சொன்னவுடன் பல மருத்துவர்கள் ஒரு கணம் நின்று யோசிக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

அவர் வேறு காரணங்களைத் தேடினாலும் எரிச்சல்பட வேண்டாம். கர்ப்பப்பைத் தசைக்குள்ளேயே படலம் வளரும் அடினோமயோசிஸ், இடுப்புக்குழித் தொற்று, எரிச்சல் குடல் நோய், சிறுநீர்ப்பை வலி, இடுப்புத்தளத் தசைகளின் இறுக்கம், நம் நாட்டில் மறந்துவிடக் கூடாத இனப்பெருக்க உறுப்புக் காசநோய் ஆகிய எல்லாமே ஏறத்தாழ இதே வலியைத் தரும். ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம்.

5. ஸ்கேன்: பணமும் நேரமும் அதிகம் வீணாகும் இடம்

ஸ்கேன் மையத்தில் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். 'இங்கு கருவின் பாலினம் கூறப்படமாட்டாது' என்ற பலகைக்கு எதிரே, கர்ப்பிணிகளுக்கு நடுவே, தண்ணீர் கேனிலிருந்து ஆறேழு டம்ளர் குடித்துவிட்டு, சிறுநீர் முட்டும்வரை உட்கார்ந்திருப்பீர்கள். பெயர் கூப்பிட்டதும் முதல் கேள்வி "கல்யாணம் ஆயிடுச்சா?" என்பதாக இருக்கும். இது வம்புக் கேள்வி போலத் தோன்றினாலும் இதன் பொருள் வேறு: ஆகவில்லை என்றால் வயிற்றின் மேல் மட்டும் வைத்துப் பார்ப்பார்கள், ஆகிவிட்டது என்றால் பெண்ணுறுப்பின் வழியாகப் பார்க்கும் ஸ்கேன் செய்வார்கள்.

வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேனில் பெரிய சாக்லேட் கட்டி தெரியலாம். கர்ப்பப்பைக்குப் பின்னாலும் குடலிலும் உள்ள ஆழமான பாதிப்பு பெரும்பாலும் தெரியாது. என் முதல் ஐந்து ஸ்கேன்களும் அப்படிப்பட்டவைதான். நான் அப்போது மணமாகாதவள். நீங்கள் ஏற்கெனவே உடலுறவு அனுபவம் உள்ளவர் என்றால், மணமாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும், "உள் ஸ்கேனுக்கு எனக்குச் சம்மதம்" என்று சொல்லலாம். அனுபவம் இல்லாதவர்களும் அதை விரும்பாதவர்களும் ஆசனவாய் வழியாக எடுக்கும் ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். எந்த வழியானாலும் வலித்தால் நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. பெண் மருத்துவர் வேண்டும் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

மருத்துவரின் பரிந்துரைச் சீட்டில் வெறுமனே 'அடிவயிற்று ஸ்கேன்' என்று மட்டும் எழுதியிருந்தால், 'எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம். ஆழமான பாதிப்பு, உறுப்புகள் ஒட்டியிருப்பது ஆகியவற்றைப் பார்க்கவும்' என்று சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த ஒரு வரிதான் என் ஆறாவது ஸ்கேனை மாற்றியது. முந்தையவை ஐந்து நிமிடத்தில் முடிந்தன; இதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் ஆயிற்று. கருவியை மெல்ல அழுத்தி, கர்ப்பப்பையும் குடலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டே, "இங்கே வலிக்குதாம்மா? இதுதானா அந்த வலி?" என்று அந்த மருத்துவர் கேட்டார். என் வலி இருக்கும் இடத்தை ஒருவர் கண்டுபிடித்துக் கேட்டது அதுவே முதல் முறை.

உள் ஸ்கேனுக்கு 1,500 முதல் 2,500 ரூபாயும், இடுப்புக்குழி எம்.ஆர்.ஐ.க்கு 7,000 முதல் 10,000 ரூபாயும் தனியாரில் ஆகும். எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை, குடல், சிறுநீர்ப்பை, சிறுநீர்க்குழாய் வரை போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ, அறுவைசிகிச்சையைத் திட்டமிடவோதான் கேட்பார்கள். அரசு மருத்துவமனைகளில் தனியாரைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் எடுக்கலாம், தேதிக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் இரண்டு பொறிகள். ஒன்று, சினைப்பைப் புற்றுநோய்க்கும் பார்க்கப்படும் சி.ஏ.125 இரத்தப் பரிசோதனை. மாதவிலக்கு, தொற்று, நார்க்கட்டி எனப் பலவற்றில் இது உயரும்; எண்டோமெட்ரியோசிஸ் இருந்தும் இயல்பாகவும் இருக்கும். எனவே இதை வைத்து நோய் உண்டென்றும் இல்லையென்றும் முடிவுகட்ட முடியாது. எனக்குக் கொஞ்சம் உயர்ந்து வந்தபோது, இணையத்தில் தேடிப் புற்றுநோய் என்று நினைத்து ஒரு வாரம் தூங்கவில்லை. மற்றது, 'நார்மல்' அறிக்கை. மேலோட்டமாகப் பரவும் எண்டோமெட்ரியோசிஸ் எந்த ஸ்கேனிலும் தெரியாமல் போகலாம். ஸ்கேன் நார்மல் என்பதால் வலியும் நார்மல் ஆகிவிடாது.

6. மாத்திரை கொடுத்துப் பார்க்கும் கட்டம்

முன்பெல்லாம் வயிற்றில் துளையிட்டுக் கண்ணால் பார்த்தால்தான் நோய் உறுதி என்றார்கள். மேலே சொன்ன 2022 வழிகாட்டுதலின்படி, ஸ்கேனில் தெரியாதபோதோ, மாத்திரை பலன் தராதபோதோ, மாத்திரை பொருந்தாதபோதோதான் லேப்ராஸ்கோபியை நாட வேண்டும். ஆகவே அறிகுறிகளையும் ஸ்கேனையும் வைத்தே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கினால், அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று எண்ண வேண்டாம்.

பொதுவாகக் கொடுப்பவை கருத்தடை மாத்திரைகள் அல்லது டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, 2 மில்லிகிராம். டைனோஜெஸ்ட் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டியது. முதல் சில மாதங்கள் விட்டுவிட்டு இரத்தம் கசியும். எனக்கு 40 நாள் கசிந்தது, பயந்து நிறுத்திவிட்டேன், அதனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. மனச்சோர்வு வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். டைனோஜெஸ்ட் போடுவதால் கருத்தரிக்காது என்று நம்பிவிடாதீர்கள்; அது கருத்தடைக்கென அங்கீகரிக்கப்பட்டதன்று. முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தொடர்ந்து போடும் மாத்திரையில் விலை வித்தியாசம் மாதாமாதம் சேரும்.

வலி மாத்திரை பற்றி ஒன்று. மெஃப்டால் நம் வீடுகளில் ஓமவாட்டர் மாதிரி ஆகிவிட்டது. அதிலுள்ள மெஃபெனமிக் அமிலம் அரிதாகக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 இறுதியில் எச்சரித்தது. மாத்திரை போட்ட சில வாரங்களுக்குள் காய்ச்சலும் உடம்பெங்கும் தடிப்பும் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெறும் வயிற்றில் போடாதீர்கள், எத்தனை போட்டீர்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள். மாதம் 20 மாத்திரை என்ற என் கணக்கைப் பார்த்த பிறகுதான் மருத்துவர் அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேசினார்.

7. லேப்ராஸ்கோபிக்குக் கையெழுத்திடும் முன்

அறுவைசிகிச்சை என்று முடிவானால் இரண்டாவது மருத்துவர் ஒருவரிடம் கருத்துக் கேளுங்கள்; 1,000 ரூபாய் செலவில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. 'பார்ப்பது மட்டுமா, பார்த்தவுடன் எடுத்துவிடுவீர்களா? மேலாகச் சுடுவீர்களா, வெட்டி எடுப்பீர்களா? எடுத்த திசுவைப் பயாப்சிக்கு அனுப்புவீர்களா?' என்று கேளுங்கள். சினைப்பைக் கட்டியை எடுக்கும்போது கருமுட்டை இருப்பும் குறையலாம். எனவே பிற்காலத்தில் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனையை அறுவைசிகிச்சைக்கு முன்பே செய்து, முடிவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். லேப்ராஸ்கோபிக்குச் சம்மதித்து மயக்கத்தில் இருந்த, மணமாகாத 44 வயதுப் பெண் ஒருவரின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும், அவருடைய தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு எடுத்துவிட்ட வழக்கொன்றில், உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் இன்னொன்றுக்குச் செல்லாது என்றும், சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த பெண்ணுக்காகத் தாய் சம்மதம் தர முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அந்தப் பெண்ணுக்கு இருந்ததாகச் சொல்லப்பட்டதும் எண்டோமெட்ரியோசிஸ்தான். எதை எடுக்கச் சம்மதம், எதை என்னைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்று படிவத்திலேயே உங்கள் கையால் எழுதுங்கள். கணவர் கையெழுத்தும் வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். அது மருத்துவமனையின் வழக்கம். 18 வயது நிரம்பிய பெண்ணின் உடம்புக்கு அவருடைய கையெழுத்தே சட்டப்படி போதும்.

முன்பரிசோதனைகளுக்கு 4,000 முதல் 6,000 ரூபாயும், இரண்டு மூன்று நாளும் ஒதுக்குங்கள். அறுவைசிகிச்சை முடிந்த மறுநாள் தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம். வயிற்றில் செலுத்திய வாயுவின் வேலை அது, நடக்க நடக்கக் குறையும்.

8. பணம்: எந்தச் சொல் எழுதப்படுகிறது என்று பாருங்கள்

தனியாரில் எனக்குச் சொன்ன மதிப்பீடுகள் 1,20,000 முதல் 2,80,000 ரூபாய் வரை இருந்தன. எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், குடல் நிபுணரின் கட்டணமும் பயாப்சியும் அதில் அடங்குமா என்று கேளுங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்ப அட்டை, குடும்பத்தார் அனைவரின் ஆதார், வருமானச் சான்று ஆகியவை வேண்டும். சான்று இ-சேவை மையம் வழியாக வரச் சில நாள்கள் ஆகும் என்பதால் அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும். பதிவு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில். சென்னைக்கு ராஜாஜி சாலையில் உள்ள சிங்காரவேலர் மாளிகை. உங்களுக்குச் சொல்லப்பட்ட அறுவைசிகிச்சை அந்தத் திட்டத்தின் பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட்டுச் சேருங்கள். உதவி எண் 1800 425 3993.

தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். முதலாவது, பல பாலிசிகளில் எண்டோமெட்ரியோசிஸ், நார்க்கட்டி, கர்ப்பப்பை நீக்கம் ஆகியவற்றுக்கு 24 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய் என்றால் 36 மாதம் வரை போகலாம். நிறுவனக் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு இருக்காது. மனிதவளத் துறையிடம் பாலிசி நகலையே கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, என்னை அடித்த அடி. பரிசோதனைக்காக மட்டும் மருத்துவமனையில் சேர்ந்தால் காப்பீடு பணம் தராது. குழந்தையின்மைச் சிகிச்சைக்கும் பெரும்பாலும் தராது. என் முன் அனுமதிக் கோரிக்கையில், சேர்த்துக்கொண்ட மருத்துவமனை 'நோயறியும் லேப்ராஸ்கோபி, குழந்தையின்மை மதிப்பீடு' என்று எழுதியிருந்தது. எனக்கு அப்போது மணமாகி எட்டு மாதம்தான். குழந்தையைப் பற்றி நான் ஒரு சொல்கூடப் பேசியிருக்கவில்லை. யாரோ ஒருவர் பழக்கத்தில் நிரப்பிய அந்தப் படிவத்தால் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, 90,000 ரூபாயைக் கடன் வாங்கிக் கட்டினேன். ஐந்து மாதம் கழித்து, மருத்துவரின் விளக்கக் கடிதம், ஸ்கேன் அறிக்கை, பயாப்சி அறிக்கை, என் வலி நோட்டின் நகல் ஆகியவற்றை இணைத்து மேல்முறையீடு செய்த பிறகே பணம் வந்தது. நீங்கள் படிவம் அனுப்பப்படும் முன்பே அதைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் நோய் நாள்பட்ட வலியும் சாக்லேட் கட்டியும் என்றால், அதுவே, உண்மை எதுவோ அதுவே எழுதப்பட வேண்டும். பொய்யாக எதையும் சேர்க்கச் சொல்லாதீர்கள்.

சேர்வதற்கு முந்தைய 30 நாள் செலவும் பிந்தைய 60 நாள் செலவும் பல பாலிசிகளில் திரும்பக் கிடைக்கும். நாள்கணக்கை உங்கள் பாலிசியில் பாருங்கள். மருந்துக்கடை ரசீதுகள் வெப்பத்தாளில் அச்சாவதால் ஆறு மாதத்தில் வெள்ளைத்தாளாகிவிடும். வாங்கிய அன்றே நகல் எடுங்கள்.

9. வீட்டுக்குக் கிளம்பும் முன்

டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்திப்பட வேண்டாம். அறுவைசிகிச்சைக் குறிப்பு, உள்ளே எடுத்த படங்கள் அல்லது பதிவு, பயாப்சி அறிக்கை வரும் தேதி ஆகிய மூன்றையும் கேளுங்கள். மருத்துவக் குழுமத்தின் 2002 ஒழுங்குமுறைப்படி, நோயாளி எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அறிக்கையில் நிலை 1 முதல் 4 வரை எழுதியிருப்பார்கள். அது நோய் பரவிய அளவைத்தான் சொல்லும். நிலை 1 உள்ளவருக்கு உயிர் போகும் வலியும், நிலை 4 உள்ளவருக்கு லேசான வலியும் இருக்கலாம். 'நிலை 1தானே' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

10. அதன் பிறகும் வலி இருந்தால்

அறுவைசிகிச்சைக்குப் பிறகும் வலி மீளலாம். ஆண்டுக்கணக்கில் வலித்த இடத்தில் தசைகள் தாமாகவே இறுகிக்கிடக்கும். இடுப்புத்தளப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் யார் என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். ஒரு அமர்வுக்கு 800 ரூபாய் வீதம் எட்டு அமர்வு போனேன். உட்கார்ந்தே செய்யும் வேலையில் இருக்கும் எனக்கு மாத்திரைக்கு அடுத்தபடி உதவியது இதுதான். மனம் துவண்டால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

விடுப்புக்கான மருத்துவச் சான்றில் 'வயிற்று வலி' என்று எழுத விடாதீர்கள். நோயின் பெயரையும் ஓய்வு நாள்களையும் எழுதச் சொல்லுங்கள். அலுவலகத்துக்கு நோயின் பெயர் தெரிய வேண்டாம் என்று நினைத்தால் 'அறுவைசிகிச்சைக்குப் பிந்தைய ஓய்வு' என்று கேட்கலாம். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு, தகுதி இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். அதற்கான சான்றை இ.எஸ்.ஐ. மருத்துவர்தான் தர வேண்டும், தேதி விட்டுப்போகாமல் தொடர்ச்சியாக வாங்க வேண்டும்.

நோட்டை நிறுத்தாதீர்கள். எனக்கு மாதம் பதினொன்றாக இருந்த சிவப்புச் சுழிகள் இப்போது மூன்றோ நான்கோ. போன மாதம் ஆறு ஆனது. மறுபரிசோதனைக்குக் குறித்திருந்த தேதியை இரண்டு வாரம் முன்னால் மாற்றி வாங்கிக்கொண்டேன்.